எக்ஸ்ட்ரா கிலோவில் கட்டிய வீடு

1. கழுவிவிட்டுப் போன தரை

நான் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கச் சேர்ந்த முதல் நாள் காலையில், எங்கள் லைனின் கடைசி வீட்டில் காளிமுத்து அண்ணன் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். மூடுபனி வாசல்வரை வந்து நின்றிருந்தது. வெளியே டிராக்டர் டிரெய்லரில் கட்டில், பெட்டி, பாத்திர மூட்டை, கூடைக்குள் இரண்டு கோழி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அண்ணன் ரிட்டயர் ஆகியிருந்தார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடெல்லாம் எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலையில் இருக்கிறவரைதான் அதில் குடியிருக்கலாம். வேலை முடிந்தால் கொடுத்த தவணைக்குள் சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டும். அன்றைக்கு அவருடைய தவணை முடிந்திருந்தது.

அது சிவப்புத் தரை. அவரே சிமென்டில் காவி கலந்து பூசி, நாள் கணக்காகத் தேய்த்து மெருகு ஏற்றியது. குனிந்து பார்த்தால் முகம் தெரியும். எங்கள் லைனிலேயே அந்த வீட்டில்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவோம்.

“ஏனுங்க, வர்றவங்க கழுவிக்க மாட்டாங்களா? வண்டி நிக்குதுங்க” என்றார் அவர் மனைவி.

“அழுக்கா உட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்? நம்ம ஊடு” என்றார் அவர்.

அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பிவிட்டார். அந்த வீட்டுக்கு முன்னால் தகரக் கூரை போட்டது, பின்னால் குளியலறை கட்டியது, இந்தத் தரை, எல்லாம் அண்ணனின் தீபாவளி போனஸ். கிராஜுவிட்டி வந்த கையோடு சின்ன மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டது. இப்போது மேட்டுப்பாளையத்தில் மச்சான் வீட்டுக்குப் போகிறார்கள். மச்சான் சந்தோஷமாகக் கூப்பிட்ட மாதிரி யாரும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தலையில் மழைக்கும் பனிக்கும் மடித்துப் போட்ட கொங்காடி, தோளில் புதுக் கூடை, வயிற்றில் பழைய சோறு. சபதம் எல்லாம் எடுக்கவில்லை. கை ஓய்ந்த பிறகும் எனக்கென்று ஒரு தரை இருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. இதை எழுதுவது இப்போது மஸ்டருக்கு வந்து நிற்கிற பெண்பிள்ளைகளுக்காக. மஸ்டர் என்றால் தெரியுமே, காலையில் ஆள் எண்ணி மலைக்கு அனுப்புவது. அந்த வரிசையில் நிற்கும்போது ரிட்டயர்மென்ட் ரொம்ப தூரத்தில் இருக்கிற மாதிரித்தான் இருக்கும். பனியில் எதிர்மலையும் அப்படித்தான் தெரியும், நடந்தால் அரை மணி நேரம்கூட இருக்காது.

2. பனிக்குள் கட்டுமானம்

மலையில் எனக்கு வாய்த்த பக்கத்து நிரை, அதாவது செடி வரிசை, ரோசம்மாவுடையது. மாதா கோயிலுக்குப் போகிற பெண். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பனி இறங்கிவிட்டால் அவள் முகம் தெரியாது. செடிகள்கூட நான்கைந்துக்கு மேல் தெரியாது. கை தானாகக் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருக்கும், அவள் குரல் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வரும்.

“பரமு, உன் ஊட்டுல இன்னிக்கு என்ன கட்டுற?”

இதுதான் எங்கள் விளையாட்டு. ஆளுக்கொரு வீடு. ஒருநாளைக்கு ஒரு வேலைதான் செய்யலாம். இன்றைக்கு வாசற்படி என்றால் வாசற்படி மட்டும். என் வீடு மஞ்சள் நிறம். கோத்தகிரி பக்கம், ரோட்டிலிருந்து கொஞ்சம் மேலே. சமையலறை ஜன்னலைத் திறந்தால் தேயிலை தெரியக் கூடாது. அதைத்தான் நாளெல்லாம் பார்க்கிறோமே! காய்கறித் தோட்டமும் ஒரு பிளம்ஸ் மரமும் தெரிய வேண்டும். ரோசம்மா வீட்டுக்கு நீல நிறம், மேலே சிலுவை வைத்த கேட். நான் பிளம்ஸ் மரத்தை இடத்துக்கு இடம் மாற்றி நட்டே ஒரு மழைக்காலத்தைக் கழித்தேன். ஒருமுறை அவள் மாடிப்படி வைத்துக்கொண்டிருந்தபோது பத்தடி தள்ளி மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பனி விலகினால் நிரைக்கு நடுவில் காட்டெருமை. நாங்கள் ஓடிய ஓட்டத்தில் அவள் படியும் போச்சு, என் ஜன்னலும் போச்சு, இரண்டு பேர் கூடையும் கவிழ்ந்து கொழுந்தும் போச்சு.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குள் ஒரு குளிர் பரவும், நல்ல குளிர். உடம்பு நனைந்து, விரல் நுனி கறுத்து, இடுப்பு விட்டுப்போயிருக்கும். ஆனால் மனசு ஒரு மஞ்சள் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருக்கும். அதற்கு யாரும் வாடகை கேட்டதில்லை.

விளையாட்டு ஒரு கட்டத்தில் கணக்காக மாறியது. ஒருநாள் பறிக்க வேண்டிய அளவுக்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இத்தனை என்று தனியாகக் காசு உண்டு. எக்ஸ்ட்ரா கிலோ என்போம். மே மாதமும் மழைக்குப் பிறகும் கொழுந்து கொட்டோ கொட்டென்று கொட்டும்போது அது நல்ல காசு. மார்கழி உறைபனியில் செடி கருகிவிட்டால் ஒன்றும் கிடையாது. அதனால்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது என்கிற காசை நம்பி எந்தக் குடித்தனமும் நடக்கவில்லை. அப்படியென்றால் வரும்போது மட்டும் அது ஏன் வீட்டுக்குள் வர வேண்டும்? சம்பளம் அடுப்புக்கு, எக்ஸ்ட்ரா கிலோ மஞ்சள் வீட்டுக்கு என்று பிரித்துவிட்டேன். சம்பள நாளன்றே கீழே போஸ்ட் ஆபீசுக்கு நடந்துபோய்க் கட்டிவிடுவேன். ஒரு ராத்திரி கையில் தங்கினாலும் அந்தக் காசுக்குக் கால் முளைத்துவிடும்.

“இத்தனூண்டு காசுக்கு இத்தனை தூரம் நடந்து வாறியேம்மா” என்று போஸ்ட் மாஸ்டர் சிரிப்பார்.

“கதவுக்குக் கீல் வாங்கறேனுங்க சார்” என்பேன். அவருக்குப் புரியாது. எனக்குப் புரிந்தால் போதும்.

3. தூக்க முடியுமா?

கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரர் செல்வராஜ், அதே எஸ்டேட்டில் கொழுந்து ஏற்றுகிற டிராக்டர் ஓட்டினார். நல்ல மனுஷன். கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்றுதான். லைன் வீட்டை அழகு பண்ணுவது. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. எல்லோருடைய அப்பா அம்மாவும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்து இறங்கியவர்கள், எங்கேயும் ஒரு மூலை சொந்தமாக இருந்ததில்லை. அதனால் கையில் கிடைத்த மூலையை மினுக்கிவிடுவார்கள். வீடு கம்பெனியுடையது, டைல்ஸ் நம்முடையது. போகும்போது வீடும் போகும், டைல்ஸும் போகும்.

மகள் கீதா பிறந்த வருடம் போனஸ் வந்தபோது அவர் டைல்ஸ் கடை அட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

“முப்பது வருஷம் இருக்கப்போற ஊடு புள்ள. பாப்பா தவழுற தரை. நல்லா இருக்க வேணாமா?”

“வேணுங்க. அதைப் பேத்து எடுத்துட்டுப் போக முடியுமுங்களா?”

“பேத்தா ஒடைஞ்சிருமே.”

“அப்ப வேண்டாங்க.”

அவர் கடை அட்டையைச் சுவரோரம் போட்டுவிட்டு எழுந்து போனார். நான்காவது நாள் நானே இறங்கி வந்தேன். அவர் கேட்டதும் தப்பில்லையே. வயசான பிறகு சுகமாக இருப்பதற்காக இப்போது ஈரத் தரையில் பிள்ளையை விட முடியுமா? நல்ல கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று வாங்கி, சுவருக்குச் சுவர் விரித்தோம். மரக் கட்டம் போட்ட மாதிரி இருக்கும், வேண்டாத நாளில் சுருட்டிக்கொள்ளலாம். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. தூக்க முடிவது, சுருட்ட முடிவது, ஸ்குரூ கழற்ற முடிவது, இவை எல்லாம் வாங்கலாம். சுவரோடு சேர்த்துப் பூசுவது எதுவும் கூடாது.

செல்வராஜ் அதையும் விளையாட்டாக்கிவிட்டார். குன்னூர் கடைவீதியில் நின்று, எதைப் பார்த்தாலும் இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார். கடைக்காரர் பதறுவார். “பயப்படாதீங்க அண்ணாச்சி, என் சம்சாரம் தூக்க முடியாத சாமானை வாங்க உடமாட்டா” என்பார். ஒரு தடவை என்னையே தூக்கிப் பார்த்துவிட்டு, “இது சட்டத்துக்கு ஒத்துவரல” என்று இறக்கிவிட்டார். பிறகு அவர் போனஸிலும் பாதி மஞ்சள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. வீட்டுக்கு அவரும் ஒரு யோசனை சொன்னார்: டிராக்டர் நிறுத்த ஷெட். சொந்த டிராக்டர் ஏது என்று நான் கேட்கவில்லை. கனவில் ஷெட் கட்டக் காசு ஆகாது.

4. விற்றுப்போன பிளம்ஸ் மரம்

வருடங்கள் போயின. கீதா படித்து, கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் ஆனாள். ரத்தம் எடுத்து டெஸ்ட் பார்க்கிற வேலை. சின்ன வயதில் காலில் அட்டை ஏறினாலே ஊரைக் கூட்டுகிற பிள்ளை, இப்போது ஆயிரம் பேர் ரத்தத்தைப் பற்றி அலட்சியமாகப் பேசுகிறாள். லீவில் வந்தால் மைக்ரோஸ்கோப்பைப் பற்றித்தான் பேச்சு. பேசும்போது முகம் அப்படியே மலர்ந்திருக்கும்.

செல்வராஜ் முதலில் ரிட்டயர் ஆனார். நான் வேலையில் இருந்ததால் வீட்டுக்குச் சிக்கல் வரவில்லை. எனக்கு இரண்டு வருடம் பாக்கி. கோத்தகிரி பக்கம் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. இரண்டு அறை, தகரக் கூரை, மஞ்சள் இல்லை, வெளிறிய பச்சை. ஆனால் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நிஜமாகவே ஒரு பிளம்ஸ் மரம் நின்றது! நான் அந்த ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். வீட்டுக்காரப் பெரியவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு, செல்வராஜின் பி.எஃப்., வரப்போகிற என் கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்தால் விலையைக் கட்டிவிடலாம் என்று கணக்கு வந்தது. என் பணம் கைக்கு வரும்வரை பொறுத்துக்கொள்வதாகப் பெரியவர் வாய்வார்த்தை தந்தார்.

ரிட்டயர்மென்டுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும்போது அவர் மகன் போன் பண்ணினான்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பெங்களூர்க்காரங்க ஹோம்ஸ்டே போடறாங்களாம். நீங்க சொன்னதுக்கு மேல ஒண்ணரை மடங்கு தர்றாங்க. அப்பாவுக்கு மனசே இல்லீங்க, நாந்தான்...”

அவன்மேல் கோபப்பட முடியவில்லை. விற்கிறவன் விலை பார்ப்பான். அதற்குப் பிறகு நாங்கள் பார்த்த வீடெல்லாம் எங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர்வரை அலைந்தோம். ஒவ்வொரு வீடும் யாரோ ஒருவருடைய ஹோம்ஸ்டேக்காகக் காத்திருந்தது. கோயமுத்தூரில் போய் மகளோடு இருக்கலாம் என்றால் அவள் இருப்பதே ஹாஸ்டலில். எங்களுக்கோ மலை இறங்கினாலே மூச்சு முட்டும்.

5. பேர் பதிகிறேன் என்றாள்

லைன் வீட்டை விடாமல் இருக்க எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. ரிட்டயர் ஆகிறவருக்குப் பதிலாகப் பிள்ளைகளில் ஒருவர் எஸ்டேட்டில் பேர் பதிந்து வேலைக்குச் சேர்ந்தால் வீடு அந்தக் குடும்பத்திடமே இருக்கும். தலைமுறை தலைமுறையாக நடப்பது. ரோசம்மாவின் மகன் அப்படித்தான் சேர்ந்தான். அவனுக்கு மலைவேலை பிடித்திருந்தது, ஸ்ப்ரே மெஷினோடு சந்தோஷமாகத் திரிகிறான். அது வேறு. பிடிக்காமல் அப்பா அம்மாவின் கூரைக்காகக் கூடை மாட்டிய பிள்ளைகளையும் நான் பக்கத்து நிரையில் பார்த்திருக்கிறேன். அவர்கள் கொழுந்து பறிக்கும்போது பேசவே மாட்டார்கள்.

வீடு கைநழுவிய விஷயம் தெரிந்து கீதா லீவு போட்டு வந்தாள். சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

“அம்மா, நான் பேர் பதிஞ்சுக்கறேன். நீங்க எங்கயும் அலைய வேண்டாம்.”

செல்வராஜ் பிசைந்த சோற்றையே திரும்பத் திரும்பப் பிசைந்தார். அந்த வீட்டை விட்டுப் போக அவருக்கு மனசில்லை. எனக்குத் தெரியும்.

“லேப் வேலை?” என்றேன்.

“அது ஒண்ணும் பெரிய வேலை இல்லம்மா. எனக்கு மலைல வேலை செய்யப் புடிக்கும்.”

அட்டைக்கு அலறுகிற பிள்ளைக்கு, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மழையில் மலையேறப் புடிக்குமாம்! எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இத்தனை வருடம் சேர்த்தது எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“உன்னை அனுப்பறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். வாடகைக்குப் போறோம்.”

“வாடகை குடுத்து எத்தன நாளைக்கும்மா சமாளிப்பீங்க? நாளைக்கு ஒடம்புக்கு வந்தா? அப்பறம் நான் வேலை செஞ்சு என்ன பிரயோசனம்?” அவள் கேட்டது நியாயமான கேள்வி.

செல்வராஜ்தான் வாயைத் திறந்தார். “ஒண்ணு பண்ணலாம். ரிட்டயர் ஆனாப்பல ஒரு மூணு மாசம் இருந்து பாத்தரலாம். முடிஞ்சா வாடகைக்குப் போவோம். முடியலன்னா பாப்பா சொல்றபடி.”

அதை நாங்கள் ஒத்திகை என்று சொன்னோம். எங்கள் சேமிப்பு, கிராஜுவிட்டி எல்லாவற்றையும் போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்திலும் பெரியவர்களுக்கான திட்டத்திலும் போட்டால் மாதம் என்ன வட்டி வரும், பி.எஃப். பென்ஷன் எவ்வளவு என்று கூட்டினோம். அந்தத் தொகையை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு, அதை வைத்துச் சாப்பிடுவது. ஊட்டி பக்கம் காந்தலில் இரண்டு அறைக்கு என்ன வாடகையோ அதையும் அதிலிருந்தே மாதாமாதம் எடுத்துத் தனியாக வைப்பது. மீதிச் சம்பளத்தைத் தொடக் கூடாது. வேலைக்குப் போய்க்கொண்டே நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன். காலையில் நான் கூடையை எடுக்கும்போது அவர் கேட்பார், “ஏம்புள்ள, இன்னிக்கு நீ வேலைல இருக்கியா, ரிட்டயர் ஆயிட்டியா?”

முதல் மாதம் தோற்றோம். லைனில் இரண்டு கல்யாணம், ஒரு சடங்கு. மொய் வைக்காமல் இருக்க முடியுமா? மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே டப்பா காலி. செல்வராஜ் டிவி பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு முழுக்க மலையில் ரோசம்மாவிடம்கூட நான் வீடு கட்டவில்லை.

இரண்டாம் மாதம் மொய்க்கென்று ஒரு பங்கு முதலிலேயே ஒதுக்கினேன். ஞாயிற்றுக்கிழமைக் கறி ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆனது. மருந்துக்கும் கொஞ்சம் எடுத்து வைத்தேன். மாதக் கடைசியில் டப்பாவில் ஒரு கிலோ கறிக்குக் காசு மிச்சம் இருந்தது. மூன்றாம் மாதமும் அப்படித்தான். செல்வராஜ் டப்பாவைக் குலுக்கிப் பார்த்துவிட்டு எழுந்து சமையலறைத் தரையில் விரித்திருந்த விரிப்பின் ஒரு ஓரத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“இப்பவே எதுக்குங்க?” என்றேன்.

“சும்மா, சுருளுதான்னு பாத்தேன்” என்றார். அந்த வீட்டை அவர் மனசுக்குள் அன்றைக்குத்தான் விட்டார்.

6. ஆபீஸ் ஜன்னலில்

நாங்கள் இப்போது காந்தலில் இருக்கிறோம். இரண்டு அறை, மாடியில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மொட்டைமாடியும் அவர்கள் துணிக்கொடியும் தெரியும். பனி இறங்குகிற காலைகளில் அதுவும் தெரியாது. வெள்ளை மட்டும் நிற்கும். அப்போது நான் ஜன்னலில் சாய்ந்துகொண்டு அந்த மஞ்சள் வீட்டுக்குள் போய் வருவேன். இப்போது பிளம்ஸ் மரத்தை வாசலுக்கு மாற்றியிருக்கிறேன். ரோசம்மா போனில் கூப்பிட்டு அவள் கேட்டுக்கு வர்ணம் பூசிய கதையைச் சொல்வாள். இரண்டு கிழவிகளும் சிரிப்போம். வாங்க முடியாமல் போன வீட்டுக்காக எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அது என்னை விட்டுப் போகவில்லை.

பெண்பிள்ளைகளே, முதல் சம்பளத்திலிருந்தே ஒதுக்குங்கள். நிச்சயமில்லாமல் வருகிற காசை முதலில் ஒதுக்குங்கள். அதைச் சேர்த்து நீங்கள் நினைத்ததை வாங்க முடியாமல் போகலாம், விலை உங்களுக்காக நிற்காது. இருந்தாலும் சேருங்கள். எதற்கு என்பதை எனக்கு நடந்ததை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ரிட்டயர் ஆன அன்று கணக்கு முடிக்க ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் புதுக் கிளார்க் தம்பி உட்கார்ந்திருந்தார். என் பெயரைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைத் தலை நிமிராமல் கேட்டார்.

“உங்க எடத்துக்கு யாருங்கம்மா பேர் பதியறாங்க? மகளுங்களா?”

“யாரும் இல்லீங்க.”

தலை நிமிர்ந்தார். “அப்ப ஊட்டைக் காலி பண்ணோணுமேம்மா.”

“பண்ணிக்கறோமுங்க.”

“மக சும்மாதான் இருக்காங்களா?”

“இல்லீங்க தம்பி. அவ இந்நேரம் கோயமுத்தூர்ல மைக்ரோஸ்கோப்புல கண்ணை வச்சுட்டு இருப்பா.”

அவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அடுத்ததுக்குப் போனார். வெளியே செல்வராஜ் காத்திருந்தார். கீழே மலையில் பனி ஏறிக்கொண்டிருந்தது, பெண்களின் பேச்சுச் சத்தம் மட்டும் மேலே வந்தது. இந்த ஒரு பதிலைச் சொல்லத்தான் அத்தனை கிலோ பறித்திருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.